புதுக்கோட்டை நீதிபதி எடுத்த பேக்கப்

உங்க லேப்டாப்ல இருக்கிற ஃபைல்களை மனசுக்குள்ள ரெண்டு குவியலாப் பிரிச்சுப் பாருங்க. முதல் குவியல், போனாலும் திரும்ப டவுன்லோட் பண்ணிக்கக்கூடியது: படம், பாட்டு, சாஃப்ட்வேர், சீனியர் கொடுத்த பிடிஎஃப். ரெண்டாவது குவியல், போனா போனதுதான்: நாலு பேர் மூணு மாசம் உட்கார்ந்து எழுதின ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் கோடு, லேப்ல எடுத்த ரீடிங், இப்போ உயிரோட இல்லாத தாத்தாவோட போட்டோ. முதல் குவியல் நூறு ஜிபி இருக்கும். ரெண்டாவது பத்து ஜிபி கூட இருக்காது. ஆனா காப்பாத்த வேண்டியது அந்தப் பத்து ஜிபியைத்தான்.

இந்த ரெண்டாவது குவியலுக்காகவே தன் வாழ்நாளில் பாதியைச் செலவழித்த ஒருவர் நம்ம புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தார். 1887 முதல் 1890 வரை. பெயர் சி. வை. தாமோதரம் பிள்ளை. பள்ளிக்கூடத் தமிழ்ப் புத்தகத்தில் ரெண்டு மதிப்பெண் கேள்வியாக வந்து போயிருப்பார். அவருடைய வாழ்க்கையை ஒரு கம்ப்யூட்டர் மாணவர் கண்ணால் பார்த்தால் நமக்குப் பழக்கமான பல விஷயங்கள் அதில் தெரியும். அதுக்காகத்தான் இந்தக் கட்டுரை. கடைசியில் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட்டும் இருக்கு.

சிறுப்பிட்டியிலிருந்து சென்னைக்கு

1832 செப்டம்பர் 12 அன்று யாழ்ப்பாணத்தில் சிறுப்பிட்டி என்ற ஊரில் பிறந்தார். அப்பா வைரவநாதர், அம்மா பெருந்தேவி. அவர் பெயருக்கு முன்னால் இருக்கும் சி, வை ரெண்டும் இந்த ஊரும் அப்பாவும்தான். அமெரிக்க மிஷன் நடத்திய வட்டுக்கோட்டை செமினரியில் படித்தார். அந்தக் காலத்தில் கணிதமும் அறிவியலும் தமிழும் ஆங்கிலமும் ஒரே இடத்தில் நன்றாகக் கற்றுக்கொடுத்த கல்விக்கூடம் அது. படிப்பு முடிந்ததும் கோப்பாயில் ஆசிரியர் வேலை. 1854-ல், 22 வயதுகூட நிரம்பும் முன்போ நிரம்பியபோதோ, நீதிநெறி விளக்கத்தைப் பதிப்பித்தார். உங்க வயசுதான்!

யாழ்ப்பாணத்தில் பணியாற்றியிருந்த பீட்டர் பெர்சிவல் பாதிரியார் பிறகு சென்னைக்கு வந்து தினவர்த்தமானி என்ற தமிழ்ப் பத்திரிகையை நடத்தினார். அதன் ஆசிரியர் பொறுப்புக்குத் தாமோதரம் பிள்ளையைக் கூப்பிட்டார். கடல் கடந்து வந்தவர் பத்திரிகை வேலையோடு நிற்கவில்லை. 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இரண்டே பேர். ஒருவர் இவர், இன்னொருவர் இவருக்கு வட்டுக்கோட்டையில் பாடம் சொல்லிக்கொடுத்த விசுவநாத பிள்ளை. வாத்தியாரும் மாணவரும் ஒரே பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிய கதை நம்ம காலேஜ்ல நடக்காது!

பிறகு கோழிக்கோட்டில் ஆசிரியர் வேலை, சென்னையில் அரசுக் கணக்கு அலுவலகத்தில் வேலை. வேலை பார்த்துக்கொண்டே 1871-ல் பி.எல். தேறினார். நல்ல சம்பளம், நல்ல பதவி. அதோடு நிறுத்தியிருந்தால் இன்றைக்கு யாருக்கும் அவரைத் தெரிந்திருக்காது.

மீடியா ஃபெயிலியர்

அன்றைய நிலைமையைக் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்க. தமிழ் நூல்கள் பெரும்பாலும் பனையோலையில் இருந்தன. ஓலை நம்ம ஹார்டு டிஸ்க் மாதிரிதான், அதற்கு ஓர் ஆயுள் உண்டு. நம்ம ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் நன்றாகப் பராமரித்தால் சில நூற்றாண்டுகள் தாங்கும். பராமரிக்காவிட்டால் கரையானும் பூச்சியும் முன்னாடியே முடித்துவிடும். ஆகவே ஓலை செத்துப்போகும் முன் யாராவது புது ஓலையில் பிரதி எடுக்க வேண்டும். இப்படிப் பிரதிக்குப் பிரதி, அதற்கொரு பிரதி என்றுதான் தொல்காப்பியம் இரண்டாயிரம் ஆண்டு அளவுக்கு நீண்ட பயணம் செய்து வந்தது.

இதில் எங்கே சிக்கல்? பிரதி எடுக்கும் வேலை முழுக்க மனிதர்களின் ஆர்வத்தை நம்பி இருந்தது. ஒரு நூலை யாராவது பாடம் சொல்லும்வரை, யாராவது படிக்கும்வரை, பிரதி உண்டாகிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று தலைமுறை அதை யாரும் படிக்காவிட்டால் பிரதியும் நின்றுவிடும். அப்போது சத்தம் எதுவும் கேட்காது. வீட்டுப் பரணில் கட்டு அப்படியே இருக்கும். உள்ளே ஓலை மட்டும் செத்துக்கொண்டிருக்கும். படிக்கத் தெரியாத வாரிசுகள் பழைய ஏட்டைப் புனிதமான குப்பையாகக் கருதி ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டதும் உண்டு.

திருக்குறளும் நாலடியாரும் 1812-லேயே அச்சாகிவிட்டன. அவற்றுக்கு ஆபத்து இல்லை. தாமோதரம் பிள்ளை கவலைப்பட்டது மற்றதைப் பற்றி. தொல்காப்பியத்தின் பழைய உரைகள், சங்கப் பாட்டுத் தொகைகள், கேட்டால் பெயர் தெரியும், தேடினால் ஏடு கிடைக்காத நூல்கள். ஏட்டை வெளியே எடுக்கும்போதே ஓரம் உதிர்கிறது, கட்டைப் பிரித்தால் இதழ் ஒடிகிறது, புரட்டினால் துண்டாகிறது என்று ஒரு பதிப்புரையில் அவர் வேதனையோடு விவரித்திருக்கிறார். ரீட் பண்ணும்போதே சாகிற டிஸ்க்கிலிருந்து டேட்டா எடுத்தவர்களுக்கு அந்த வேதனை புரியும்.

பகலில் கணக்கு, இரவில் ஏடு

1868-ல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு வெளியிட்டார். ஆறுமுக நாவலர் பரிசோதித்துக் கொடுத்தது அது. நாவலர் 1879-ல் மறைந்த பிறகு இந்தப் பாரம் முழுவதும் இவர் தோளில் ஏறியது. 1881-ல் வீரசோழியம். 1883-ல் இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும். 1885-ல் தொல்காப்பியப் பொருளதிகாரம். 1887-ல் கலித்தொகை. எட்டுத்தொகை நூல்களில் முதன்முதலாக அச்சேறியது இதுதான். புறநானூறு அச்சில் வந்தது 1894-ல் என்பதோடு ஒப்பிட்டால் அவர் எவ்வளவு முன்னால் நின்றார் என்று தெரியும்.

அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றுக் கும்பகோணத்தில் வக்கீலாக இருந்த காலத்தில் அங்கே கல்லூரித் தமிழாசிரியர் ஒருவரும் சீவக சிந்தாமணி ஏடுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் உ. வே. சாமிநாதையர். தாமோதரம் பிள்ளையும் சிந்தாமணியைப் பதிப்பிக்க விரும்பினார். ஏடு தரும்படி கேட்டார். ஐயர் தானே பதிப்பிக்கும் முடிவில் இருந்ததால் கொடுக்கவில்லை. 1887-ல் ஐயரின் சிந்தாமணியும் இவருடைய கலித்தொகையும் ஒரே ஆண்டில் வெளிவந்தன. போட்டியில் இரண்டு நூல் பிழைத்தது, தமிழுக்கு லாபம்.

அதே 1887-ல்தான் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதி பதவி. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சிறுவர். சேஷையா சாஸ்திரி திவான். இன்றைக்கு நாம் பார்க்கும் நேரான வீதிகளோடு ஊர் புதுசாக உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. பகலில் வழக்கு, மற்ற நேரத்தில் ஏடு. இந்தப் பதவியில் இருந்தபோதே 1889-ல் இலக்கண விளக்கமும் சூளாமணியும் அச்சில் வந்தன. 1890-ல் ஓய்வு. 1891-ல் எழுத்ததிகாரமும் 1892-ல் சொல்லதிகாரமும் நச்சினார்க்கினியர் உரையோடு வந்தன. 1895-ல் ராவ் பகதூர் பட்டம். 1901 ஜனவரி 1 அன்று சென்னை புரசைவாக்கத்தில் காலமானார். வயது 68.

அவர் செய்ததும் நாம செய்ய வேண்டியதும்

ஒன்று, ஒப்பிட்டுப் பார்ப்பது. ஓலையில் புள்ளி வைக்க மாட்டார்கள். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே மாதிரி இருக்கும். ரகரமும் காலும் ஒன்றுபோலத் தெரியும். எழுதியவர் தூங்கி வழிந்து ஒரு வரியை விட்டிருக்கலாம். அதனால் ஒரு பிரதியை நம்ப முடியாது. கிடைத்த பிரதிகளைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்து, எங்கே வேறுபடுகிறது என்று குறித்து, பாடம் தீர்மானிக்க வேண்டும். கண்ணாலேயே பல மாதம் செய்த டிஃப் அது. நமக்கு ஷா256சம் என்று ஒரு கமாண்டு இருக்கு. ஒரு ஃபைலில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அது தரும் நீண்ட எண் மாறிவிடும். ஒரிஜினல் ஃபோல்டரில் இந்த எண்களின் பட்டியலை எடுத்துவைத்து, காப்பியில் அதைச் சரிபார்த்தால் போதும், வேலை நிமிஷக் கணக்கில் முடியும். இருந்தும் நம்மில் எத்தனை பேர் செய்யறோம்?

இரண்டு, குறையோடு இருந்தாலும் வெளியிடுவது. பெரிய பண்டிதர்கள் பிழை வந்தால் பெயர் கெடும் என்று பதிப்பிக்கத் தயங்கினார்கள். அவரோ, நூல் அடியோடு அழிவதைவிடப் பிழையோடு பிழைத்திருப்பது மேல் என்ற முடிவுக்கு வந்திருந்தார். அதற்கான விலையையும் கொடுத்தார். 1885 பொருளதிகாரப் பதிப்பில் ஒன்பது இயலுக்கும் நச்சினார்க்கினியர் உரை என்றே போட்டிருந்தார். கடைசி நான்கு இயல்களில் இருந்தது பேராசிரியர் உரை என்று பிற்காலத்தில் ரா. இராகவையங்கார் எடுத்துக்காட்டினார். லேபிள் தப்பு, டேட்டா பத்திரம். அச்சில் இருந்ததால்தான் இன்னொருவரால் அந்தத் தப்பையே கண்டுபிடிக்க முடிந்தது. ப்ராஜெக்ட் முழுசா முடியட்டும், ஃபோல்டரை ஒழுங்கா அடுக்கினப்புறம் பேக்கப் எடுத்துக்கலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

மூன்று, பல இடத்தில் வைப்பது. ஓலையில் ஒரு முறை எழுதினால் ஒரு பிரதி. அச்சில் ஒரு முறை கோத்தால் நூற்றுக்கணக்கில் பிரதி, அதுவும் வேறு வேறு ஊரில். 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் அவற்றோடு ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. தாமோதரம் பிள்ளை பிறந்த மண்ணில் நடந்தது இது. ஆனால் அவர் அச்சிட்ட கலித்தொகை அதனால் அழியவில்லை. அது ஏற்கெனவே கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பல அலமாரிகளில் இருந்தது. பழைய முதற்பதிப்புகளைப் பார்க்கணும்னா திருக்கோகர்ணத்தில் இருக்கும் ஞானாலயா நூலகத்துக்கு ஒரு நாள் போய்ப் பாருங்க.

மறுபக்கத்தையும் சொல்லணும். வளையாபதி ஏட்டைத் தன் இளமையில் திருவாவடுதுறை மடத்தில் பார்த்ததாக உ.வே.சா. பதிவு செய்திருக்கிறார். பிறகு தேடியபோது அது இல்லை. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று, மற்ற நூல்களின் உரைகளில் மேற்கோளாக வந்த சில பாடல்களாக மட்டுமே இன்று நம் கையில் இருக்கிறது. பார்த்த அன்றைக்கு ஒரு பிரதி எடுத்திருந்தால்?

சரி, ஸ்கிரிப்டுக்கு வருவோம்

மூன்று-இரண்டு-ஒன்று என்று ஒரு கணக்கு உண்டு. மூன்று காப்பி, இரண்டு வகை சாதனத்தில், அதில் ஒன்று வேறு ஊரில். லேப்டாப்பில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, கிளவுடிலோ சொந்தக்காரர் வீட்டிலோ ஒன்று. 2018 நவம்பரில் கஜா புயல் நம்ம மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதைப் பார்த்தவர்களுக்கு அந்த மூன்றாவது காப்பி எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. லேப்டாப்பும் ஹார்டு டிஸ்க்கும் ஒரே பையில் இருந்தால், பை தொலையும்போது ரெண்டும் சேர்ந்தே தொலையும்.

ஓலைப் பிரதி நின்றுபோனதற்குக் காரணம் அது மனிதர் ஞாபகத்தை நம்பி இருந்ததுதான். அதே தப்பு நமக்கு வேண்டாம், ஞாபகத்தை மெஷினிடம் கொடுத்துடுங்க. லினக்ஸில் பத்துப் பதினைந்து வரி பாஷ் ஸ்கிரிப்ட் போதும். அது வரிசையாகச் செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

முதலில், எந்த ஃபோல்டரிலிருந்து எந்த ஃபோல்டருக்கு என்று ரெண்டு வேரியபிள். பயன்படுத்தும் இடத்திலெல்லாம் அவற்றை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்க. இல்லாட்டி பெயரில் ஸ்பேஸ் இருக்கிற ஃபோல்டரில் ஸ்கிரிப்ட் தடுமாறும்.

இரண்டாவது, ஹார்டு டிஸ்க் உண்மையிலேயே மவுன்ட் ஆகியிருக்கா என்று மவுன்ட்பாயின்ட் கமாண்டால் சோதியுங்க. இல்லையென்றால் லாக் ஃபைலில் எழுதிவிட்டு வெளியேறணும். இந்தச் சோதனை இல்லாவிட்டால், டிஸ்க் செருகாத நாளில் காப்பி முழுவதும் உங்க லேப்டாப்பிலேயே அதே பெயர்கொண்ட காலி ஃபோல்டருக்குள் போய் விழும். பேக்கப் இருக்குன்னு நிம்மதியா இருப்பீங்க, ஆனா இருக்காது.

மூன்றாவது, டேட் கமாண்டை வைத்து அன்றைய தேதியில் ஒரு ஃபோல்டர். நேற்றைய காப்பியின் மேலேயே இன்றையதை எழுதாதீங்க. ஒரிஜினலில் நீங்க தவறுதலாக அழித்ததை சிங்க் செய்யும் டூல் காப்பியிலும் விசுவாசமாக அழித்துவிடும். ஒரு பிழை ஏட்டிலிருந்து எடுத்த அத்தனை பிரதியிலும் அதே பிழை தொடர்ந்த மாதிரி.

நான்காவது, ஆர்சிங்க். லிங்க்-டெஸ்ட் என்ற ஆப்ஷனில் முந்தைய தேதி ஃபோல்டரைக் காட்டினால், மாறாத ஃபைல்களுக்கு அது ஹார்டு லிங்க் மட்டும் போடும். மாறியது மட்டும் இடம் பிடிக்கும். தினம் ஒரு முழு ஃபோல்டர் மாதிரி தெரியும், இடமோ கொஞ்சம்தான். ரெண்டு எச்சரிக்கை. டிஸ்க் எக்ஸ்ஃபேட்டில் இருந்தால் ஹார்டு லிங்க் வேலை செய்யாது, இஎக்ஸ்டி4 மாதிரி ஒரு ஃபைல் சிஸ்டம் வேணும். அப்புறம், நூறு தேதி ஃபோல்டர் இருந்தாலும் மாறாத ஃபைல் டிஸ்க்கில் ஒன்றுதான், ஒரே ஏட்டுக்கு நூறு பெயர் வைத்த கதை. அந்த டிஸ்க் போனால் நூறும் போகும். அதனால் அதை ஒரே காப்பியாகத்தான் கணக்கில் எடுக்கணும்.

ஐந்தாவது, ஆர்சிங்க் திருப்பித் தரும் எக்ஸிட் கோடு பூஜ்யமா என்று பாருங்க. பூஜ்யம் என்றால் வெற்றி என்று லாகில் ஒரு வரி. இல்லையென்றால் தோல்வி என்று ஒரு வரி. தோல்வி சத்தமில்லாமல் நடக்கக்கூடாது.

கடைசியாக, தானாக ஓடவைப்பது. க்ரானில் ராத்திரி ரெண்டு மணி என்று போட்டால், அந்த நேரத்தில் லேப்டாப் மூடிக் கிடக்கும், வேலை நடக்காமலே போகும். லேப்டாப்புக்கு அனாக்ரான்தான் சரி. தவறவிட்ட வேலையை அடுத்து ஆன் பண்ணும்போது நினைவாகச் செய்யும். விண்டோஸ்காரர்கள் ரோபோகாப்பியையும் டாஸ்க் ஷெட்யூலரையும் வைத்து இதே மாதிரி செய்யலாம். மிரர் ஆப்ஷன் மட்டும் ஜாக்கிரதை, மூலத்தில் இல்லாததை அது காப்பியிலிருந்து அழிக்கும்.

இதெல்லாம் ஓடத் தொடங்கிய பிறகும் ஒரு வேலை பாக்கி. மாசம் ஒரு தடவை பழைய தேதி ஃபோல்டர் ஒன்றைத் திறந்து, ஒரு ஃபைலை வேறு இடத்துக்குக் கொண்டுவந்து, அது ஓப்பன் ஆகுதா என்று பாருங்க. பரணில் கட்டு இருக்கிறது என்று நம்பியவர்கள் கட்டை அவிழ்த்துப் பார்க்கவில்லை. தாமோதரம் பிள்ளை அவிழ்த்துப் பார்த்தார்.

நம்ம மாவட்டத்தில் குடுமியான்மலைக்குப் போனால் ஏழாம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு பாறையில் இன்றும் தெளிவாக இருக்கிறது. திருமயத்திலும் அப்படி ஒன்று இருந்தது. அது பெரும்பாலும் செதுக்கி அழிக்கப்பட்டுவிட்டது. கல்லானாலும் ஒரு காப்பி போதாது.

தாமோதரம் பிள்ளைக்கு இதில் சம்பளம் கிடையாது, கைக்காசுதான் போனது. ஏடு தேட ஊர் ஊராக ஆட்களை நம்பினார், அச்சுக்குக் காசு புரட்டினார், பார்க்கும் வேலையையும் விடவில்லை. உங்களுக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. ஒரு சாயங்காலமும் ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கும் இருந்தால் போதும். செமஸ்டர் ப்ராஜெக்ட் ரிவ்யூ வருவதற்கு முன்னாடி அந்தச் சாயங்காலத்தை ஒதுக்குங்க. ரூம்மேட்டோட லேப்டாப்புக்கும் சேர்த்தே எழுதிக் கொடுங்க.